நான் அழித்த மஞ்சள் வளையம்

மார்கழி பிறந்தால் எங்கள் ஸ்டூடியோவின் நல்ல கேமரா என் கைக்கு வந்துவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம். மதுராந்தகத்தில் எந்த மண்டபத்திலும் மேளச் சத்தம் கேட்காது. எங்கள் ஜமாத்தில் ஒன்றிரண்டு நிக்காஹ் வரும், அவற்றை என் வீட்டுக்காரர் பழைய கேமராவை வைத்தே சமாளித்துவிடுவார். தை பிறந்ததும் புதுக் கேமராவும் நீள லென்ஸும் அவர் தோளுக்குத் திரும்பிப் போகும். அந்த ஒரு மாதம் மட்டும் அவை என்னுடையவை, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது.

மீதிப் பதினோரு மாதமும் நான் கம்ப்யூட்டர் முன்னால்தான். அவர் எடுத்துக்கொண்டு வருவார், நான் சரிசெய்வேன். பரு, மரு, கண்ணுக்கடியில் கருவளையம், மாப்பிள்ளையின் காலரில் ஒட்டிய சந்தனம், பின்னால் நின்று வாயைத் திறந்துகொண்டிருக்கும் யாரோ ஒரு மாமா, எல்லாவற்றையும் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவேன். "பொண்ணு கொஞ்சம் பளிச்சுனு தெரியட்டும்" என்று எல்லா அம்மாக்களும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். நல்ல மாநிறத்தில் லட்சணமாக இருக்கும் பெண்களையெல்லாம் பதினாறு வருஷமாக வெளுத்துக் கொடுத்திருக்கிறேன். வேலையில் நான் கெட்டிக்காரி. அதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

இந்தக் கெட்டிக்காரத்தனம் பறவைகளிடம் செல்லவில்லை. முதல் மார்கழியில் வேடந்தாங்கலுக்குப் போய் எடுத்த கொக்குகள் எல்லாம் வெள்ளைக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டியது போல வந்தன. கண் இருந்தது, அலகு இருந்தது, நடுவில் உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கல்யாண மேடைக்கென்று வெளிச்சத்தை எப்போதும் ஒரு படி ஏற்றியே வைத்திருக்கும் கேமரா, அதை அப்படியே ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஏற்கெனவே வெள்ளையாக இருப்பதை மேலும் வெளுத்தால் என்ன மிஞ்சும்? அடுத்த வாரம் வெளிச்சத்தை ஒன்றரைப் படி இறக்கினேன். படம் முழுவதும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கொக்கின் முதுகில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக வந்திருந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நீல நிழல் மெல்லிய கோடாக ஓடியது. அன்றைக்கு அதை அரைமணி நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

போன மார்கழியில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. மதுராந்தகத்திலிருந்து அச்சரப்பாக்கம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதை ஒட்டிய கழனிகளில் நவரைப் பட்ட நெல் நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறு உழுதுகொண்டிருந்தார்கள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அங்கே ஒரு கருவால் மூக்கனைப் பார்த்தேன். நீளக்கால், அதைவிட நீளமான நேர் அலகு. அலகைக் கண்வரை சேற்றில் செருகிப் புழு எடுக்கும். வெளிநாட்டில் முட்டையிட்டுக் குளிருக்கு இங்கே வருகிற ஜாதி. தூரத்திலிருந்து ஏழெட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, வெட்டி, சுத்தம் செய்து வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. செங்கல்பட்டில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் அதை நடத்துகிறார். மிகவும் மரியாதையான மனிதர், தொலைநோக்கி ஒன்றை முக்காலியோடு தூக்கிக்கொண்டு அலைவார். இரண்டு நாள் கழித்து அவர் குழுவில் கேட்டிருந்தார். அந்தக் கழனியில் ஒரே ஒரு கருவால் மூக்கன் நிற்கிறது, காலில் மஞ்சள் வளையம் இருக்கிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை, யாரிடமாவது படம் இருக்கிறதா? வளையம் என்றால் யாரோ அதை எங்கோ பிடித்து, எண் போட்ட பட்டையைக் காலில் மாட்டி, பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எண்ணைப் படித்துச் சொன்னால்தான் அது உயிரோடு இருப்பதும் எங்கே போய் வருகிறது என்பதும் மாட்டியவர்களுக்குத் தெரியும்.

நான் துள்ளிக்கொண்டு என் படத்தை அனுப்பினேன். ஒரு நிமிடம் கழித்து அவர் எழுதினார்: "மேடம், அருமையான படம். ஆனா கால்ல வளையத்தைக் காணோமே?"

"வளையமெல்லாம் இல்லை சார். நீங்கள் வேறு எதையோ பார்த்திருப்பீர்கள்" என்று சட்டென்று அடித்து அனுப்பினேன். எனக்குக் கோபம் வந்தால் விரல் முந்திக்கொள்ளும்.

அச்சரப்பாக்கத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் குழுவில் இருக்கிறார், கிண்டலுக்குப் பேர்போனவர். அவர் குரல் செய்தி போட்டார்: "ஸ்டூடியோக்காரம்மா ஆச்சே சார், பறவைக்கும் ஃபேஷியல் பண்ணிகினு கீறாங்கோ போல!" கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் படத்தைச் சுத்தம் செய்யும்போது வலது காலில் முழங்காலுக்கு மேலே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. வைக்கோல் துணுக்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய், நினைக்கவே இல்லை. மணப்பெண்ணின் கன்னத்தில் ஒட்டிய அட்சதையை எடுப்பது போலக் கை தானாகப் போய் அதைத் துடைத்துவிட்டது. அசல் படமாவது இருக்கிறதா? திருத்தியதை அசலின் மேலேயே சேமிப்பதும், வேலை முடிந்ததும் கார்டைச் சுத்தமாக அழித்து அடுத்த விசேஷத்துக்குத் தயாராக வைப்பதும் எங்கள் ஸ்டூடியோ வழக்கம். ஒன்றும் மிச்சமில்லை.

அன்று முழுக்க அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை குழுவில் உண்மையை எழுதினேன். வளையம் இருந்தது, அழுக்கு என்று நானே அழித்துவிட்டேன், சார் பார்த்தது சரி, நான் சொன்னது தப்பு. ரயில்வேக்காரர் கைகூப்பிய படம் ஒன்று போட்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இனி நான் என்ன படம் போட்டாலும் 'இதில் என்னத்தை அழித்தாளோ, என்னத்தைச் சேர்த்தாளோ' என்றுதான் பார்ப்பார்கள். என் வாய்ச்சொல்லுக்கும் என் படத்துக்கும் மதிப்புப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க ஒரே வழிதான் இருந்தது. அந்த எண்ணை நான் படித்துக் கொடுக்கவேண்டும். தை பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

மூன்று காலைகள் வரப்பில் உட்கார்ந்தேன். பறவை அங்கேயேதான் இருந்தது. நான் பத்தடி வைத்தால் அது இருபதடி தள்ளிப் போனது. கல்யாணத்துக்கு வாங்கிய லென்ஸ், மேடைக்குக் கீழே நின்று தாலி முடிச்சைப் பிடிக்கப் போதும், கழனிக்கு நடுவில் நிற்கும் காலுக்குப் போதாது. தூரத்தில் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினால் வளையம் கடுகளவுக்குத்தான் வரும். எட்டு மணிக்கு மேல் சேற்றிலிருந்து ஆவி கிளம்பிக் காலெல்லாம் நெளிய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எவ்வளவு எடுத்தாலும் வீண்தான். கை ஆடாமல் இருக்கப் பழைய தலையணை உறையில் அரிசி நிரப்பி மூட்டை கட்டி, அதன்மேல் லென்ஸை வைத்துக்கொண்டேன். இந்த யோசனை என் சொந்த யோசனை. மூன்றாம் நாள் ஒரு படத்தில் 'ஈ 5' என்று ஆங்கில எழுத்தும் முதல் எண்ணும் தெளிவாக வந்தன. அடுத்த எண் மட்டும் கலங்கல். அது மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

வீட்டுக்காரர் இரண்டு மூன்று மாதத்துக்கு முன் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். பழைய, மங்கிப்போன படங்களைக் கொடுத்தால் அது தானாகவே கூர்மையாக்கித் தரும். என் படத்தை அதில் போட்டார். பத்து நொடியில் வளையம் நகைக்கடைப் பெயர்ப் பலகை போலப் பளபளவென்று வந்தது. 'ஈ 58'.

"பாரு, எட்டுன்னு எவ்ளோ நல்லா தெரியுது. அனுப்பிடுமே, பேஜாரு வுட்டுது" என்றார்.

எனக்கும் கை பரபரத்தது. அனுப்பினால் அன்றைக்கே என் மானம் திரும்பியிருக்கும். ஆனால் இந்த மென்பொருளோடு நான்தான் தினம் குடித்தனம் நடத்துகிறேன். அந்த ஐப்பசியில் ஒரு பாட்டனாரின் பழைய படத்தைக் கொடுத்தபோது, அவருக்கு இல்லாத பல்லை முழு வரிசையாக வைத்து அனுப்பிய பேர்வழி அது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லவே தெரியாது அதற்கு. கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். எங்கள் ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்தி, இந்த முனையிலிருந்து அதன் நம்பர் பலகையை எடுத்து, வளையத்தின் அளவுக்கு வெட்டி, கலங்கலாக்கி, மென்பொருளிடம் கொடுத்தேன். மறுபடியும் பளபளவென்று ஒரு நம்பர் வந்தது. கோடு பிசிறில்லாமல் இருந்தது. நாலு எண்ணில் இரண்டு தப்பு.

"இது நம்ம வண்டியே இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன். அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். அது அவர் வழியில் ஒரு மன்னிப்பு.

நாலாம் நாள் காலை வரப்பில் உட்கார்ந்திருந்தபோது கழனிக்காரர் டிராக்டரோடு வந்தார். சேற்றுக்கு மாட்டுகிற பெரிய இரும்புச் சக்கரங்களோடு அது தடதடத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றது.

"இன்னா பாயம்மா, தெனிக்கும் வந்து வரப்பு மேல குந்திகினு கீற? அந்தக் குருவியா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அழித்த கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ நடந்து போனா அது ஓடத்தான் செய்யும். வண்டிய பாத்தா ஒண்ணியும் பண்ணாது. நான் ஓட்டிகினு போவசொல்ல சக்கரத்துக்குப் பக்கத்துலயே நின்னு துன்னுகினு கெடக்கும். ஏறு, மட்கார்டு மேல குந்திக்க. ஆனா இன்னைக்கு வுட்டா ஆவாது. நாத்து பறிச்சாச்சு. நாளைக்கு இருவது ஆளு நடவுக்கு எறங்குது."

சேறு தெறித்த சல்வாரோடு, ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் அரிசி மூட்டை, நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக டிராக்டர் ஏறினேன். அந்த ஆட்டத்தில் பல் ஒன்றோடொன்று மோதியது. நொடியை இரண்டாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கும்படி கேமராவை வைத்தேன். அப்படியும் இந்த ஆட்டத்தில் எதுவும் நிற்காது என்று தெரிந்தது. அவர் சொன்னது மட்டும் அப்படியே நடந்தது. மூன்று நாளாக என்னைக் கண்டு ஓடிய அதே பறவை, நாங்கள் இரண்டாவது சுற்று வரும்போது பதினைந்தடி தூரத்தில் நின்று, எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது.

சூரியன் என் முதுகுக்குப் பின்னால் வரும் மூலையில் நிறுத்தச் சொன்னேன். "அண்ணே, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஆனா எறங்காதீங்க, அசையாதீங்க."

இன்ஜின் நின்றது. பறவை ஒரு கணம் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தது. அரிசி மூட்டையை மட்கார்டில் வைத்து, லென்ஸை அதன்மேல் அழுத்தி, கண்ணை வைத்தேன். கால் இரண்டும் தொடைவரை சேறு. மஞ்சளே தெரியவில்லை. பக்கத்தில் அவ்வளவு பெரிய மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் சேற்றைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அது தின்று முடித்து, ஏரித் தண்ணீர் கழனிக்குள் பாயும் மடைவாய்க்கு நடந்து போனது. தெளிந்த தண்ணீர் அங்கே அதன் தொடை நனையும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அலகை முக்கி எடுத்து உதறியது. பிறகு வலது காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது.

மஞ்சள். கழுவிய மஞ்சள். எழுத்து என் பக்கம் பார்த்திருந்தது.

விரலை எடுக்கவே இல்லை. கால் கீழே போனதும் பின்திரையில் பார்த்தேன், பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். ஈ. ஐந்து. மூன்று. எட்டு என்றால் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். இது இடது பக்கம் அகலத் திறந்த, யாரும் சண்டைக்கு வரமுடியாத மூன்று. கழனிக்காரரிடம் காட்டினேன்.

"மூணு" என்றார் அவர், என் வாயிலிருந்து வருவதற்கு முன்பே. "ஏ, சூப்பரு பாயம்மா!"

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். அலகில் சேறு தொங்கிக்கொண்டிருந்தது. வாலுக்குக் குறுக்கே ஒரு புல் கோடு போட்டிருந்தது. நிழலான பக்கத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள். எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் எடுத்துவிட எனக்குத் தெரியும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அசல் கோப்பை அப்படியே ரயில்வேக்காரருக்கு அனுப்பிவிட்டு, மென்பொருள் எட்டு என்று காட்டிய கதையையும் சொல்லி, நம்பிக்கை வேண்டுமென்றால் கார்டையே கொண்டுவந்து தருகிறேன் என்று எழுதினேன்.

"வேண்டாம் மேடம். இந்தப் புள்ளிங்களே போதும்" என்று பதில் வந்தது. மருந்துக் கடைக்காரரும் எழுதினார்: "யம்மா, அந்த அலகு சேத்துல மண்புழு வாலு கூட தெரியுது. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்." அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

பொங்கல் கழிந்து, கேமரா அவரோடு மண்டபங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு ரயில்வேக்காரர் போன் செய்தார். வளையம் மாட்டியவர்களிடமிருந்து பதில் வந்திருந்தது. நாலு வருஷத்துக்கு முன் தெற்கே ஓர் உப்பளக் கரையில் அந்தப் பறவைக்கு மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யார் கண்ணிலும் அது படவில்லையாம். இருக்கிறதா, செத்ததா என்றுகூட அவர்களுக்குத் தெரியாதாம்.

மனசு கேட்காமல் நான் கேட்டேன்: "சார், ஒருவேளை எட்டுன்னு அனுப்பியிருந்தா?"

"அதையும் நான் கேட்டுட்டேன் மேடம்" என்றார். "'ஈ 58' போட்ட பறவை போன வருஷமே வலையில மாட்டிச் செத்துப்போச்சு. பதிவேட்டுல அதோட பக்கத்த மூடிட்டாங்க."

பளபளவென்று வந்த அந்த எட்டை அனுப்பியிருந்தால், செத்ததை உயிரோடு இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். உயிரோடு என் எதிரில் நின்று கழுத்தைச் சொறிந்ததை, இல்லாமலே ஆக்கியிருப்பேன். ஒரே பறவையை இரண்டு முறை அழித்தவள் ஆகியிருப்பேன்.

சாயங்காலம் அந்தப் பறவையின் குறிப்பை அவர் அனுப்பினார். நாலு வருஷத்து வாழ்க்கைக்கு அதில் மொத்தம் இரண்டே வரி. முதல் வரியில் வளையம் மாட்டிய நாளும் மாட்டியவர் பெயரும். இரண்டாவது வரியில் எங்கள் ஊரும், உயிரோடு பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரும். கல்யாண ஆல்பம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அதைத்தான் முதலில் காட்டுகிறேன். கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.